திறமை இருந்தால் பத்தாம் வகுப்பு வேண்டாமா? முகாம் பிள்ளைகளின் படிப்பு பற்றி

12 ஜூலை 2025 | குடியாத்தம் பக்கத்து வாசகர் கேட்டது

எங்கள் ஊர்ப் பக்கம் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. பையன்கள் ஒன்பதாவது, பத்தாவதோடு நின்று பெயிண்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் பாட்டு, ஆட்டம், படம், பந்து என்று ஆளுக்கொரு திறமை கொட்டிக் கிடக்கிறது. போர் நடந்த நாடுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் திறமையை வைத்தே மாற்றுக் கல்வி தருகிறார்கள் என்று படித்தேன். இங்கேயும் அல்ஜீப்ராவைப் போட்டு வதைப்பதை விட்டுவிட்டு, கைக்கு வருவதைக் கற்றுக்கொடுத்தால் என்ன?

12 ஜூலை, இரவு

கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் சரி. நான் காட்பாடிக்கு அப்பால் ஓர் அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். பல வருடமாக மாலையில் ஒரு முகாமுக்கும் போய் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்குப் படமும் பாட்டும் கூத்தும் வேண்டும் என்று எங்கே வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் "அல்ஜீப்ராவை விட்டுவிட்டு" என்ற இடத்தில் எனக்கு வயிறு கலங்குகிறது. வசதியான வீட்டில் யாரும் பத்தாம் வகுப்புக்குப் பதிலாகப் பாட்டு என்று சொல்வதில்லை. பத்தாம் வகுப்பும் வேண்டும், பாட்டும் வேண்டும் என்கிறார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரண்டில் ஒன்று?

13 ஜூலை

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால் ஒரு பையன். முகாமில் நான் பார்த்ததிலேயே அவன் கைதான் கை. வேலூர்க் கோட்டை அகழியையும் மதிலையும் ஒரே மூச்சில் போடுவான், அழிப்பானைத் தொடமாட்டான். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வரவில்லை. "படம்தான் நல்லா வருதே சார், அப்புறம் ஸ்கூல் எதுக்கு?" என்று கேட்டான். சுற்றியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். நின்றுவிட்டான்.

அந்தக் கையை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான்? ஒரு காலத்தில் வேலூர் பஜாரில் போர்டு எழுதுகிறவர்கள் இருந்தார்கள். கடைப் பலகை, லாரிப் பின்புறம், கட்சிச் சுவர் என்று ஒரு கைக்காரனுக்குச் சோறு இருந்தது. ஃப்ளெக்ஸ் வந்தபின் அது போயிற்று. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, சேர பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரிக்கும் அப்படித்தான். படம் வருகிறது என்று பள்ளியை விட்டவனுக்குப் படம் படிக்கிற வாசலே மூடிவிட்டது. இப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அடுக்குமாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்கு எமல்ஷன் அடிக்கிறான். அந்த வேலையை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. முகாமில் பாதி அடுப்பு அதில்தான் எரிகிறது. அவனுக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பே இல்லாமல் போனதுதான் என் கோபம்.

14 ஜூலை

முகாம் என்றால் என்ன, இன்னுமா இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்கள், 1990ஐ ஒட்டி வந்தவர்கள், 1996 வாக்கில் வந்தவர்கள், 2006க்குப் பின் வந்தவர்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுச் சொச்சம் முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். வேலூர்க்காரர்களுக்கு மேல்மொணவூர் முகாம் தெரிந்திருக்கும். புது வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் 2021 நவம்பரில் அங்கேதான் தொடங்கினார், 2023 செப்டம்பரில் வீடுகளைத் திறந்ததும் அங்கேதான். பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேர் படுத்து எழுந்த இடத்தில் இன்று தனிச் சமையலறை இருக்கிறது. ஒரு பிள்ளை புத்தகத்தை விரித்துவைக்க இடம் கிடைத்ததே பெரிய கல்விச் சீர்திருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் இங்கே பிறந்தவர்கள். போரை அவர்கள் பார்த்ததில்லை. அம்மா திடீரென்று பேச்சை நிறுத்துவதில், பட்டாசுச் சத்தத்துக்குப் பாட்டி கதவைச் சாத்துவதில் தெரிகிற போர்தான் அவர்களுக்குத் தெரியும்.

20 ஜூலை

போர் நடந்த இடங்களில் எப்படிச் செய்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். தூரமாகப் போகவேண்டாம், இலங்கையின் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைப் பாருங்கள். சுற்றிலும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஊர் ஊராகப் பேருந்தில் கூட்டிவந்து, ஒரு தோட்டத்துக்குள் விட்டார்கள். களிமண், சாயம், கதை, நாடகம், விலங்குகள். ஒரு யேசுசபைப் பாதிரியாரும் கனடாவிலிருந்து வந்த ஓவியர் ஒருவரும் சேர்ந்து உருவாக்கியது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஒன்று. பிள்ளைகள் அங்கே வருவார்கள், மற்ற நாட்களில் அவரவர் பள்ளிக்குப் போவார்கள். பள்ளியால் ஆற்றமுடியாத ஒரு காயத்துக்கு அது மருந்து போட்டது. பள்ளி இருக்கிற இடத்தைத் தனக்கு வேண்டும் என்று அது கேட்கவில்லை.

நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம், 2002இல் தொடங்கியது. நிறுவிய பெ. ராஜகோபால் சிறுவயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர். அவரும் மனைவி ஹன்னே டி புருயினும் சேர்ந்து நடத்திய குருகுலத்தில் அடவும் பாட்டும் முகவீணை என்ற குழலும் சொல்லிக்கொடுத்தார்கள், கூடவே பள்ளிப் பாடமும் நடந்தது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். கூத்தையே வாழ்க்கையாகக் கொண்டு ஜெயித்த ஒருவர், தன்னிடம் வந்த பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார். இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

20 ஜூலை, பின்னிரவு

வெனிசுவேலாவில் ஏழைப் பிள்ளைகளை இசையால் வளர்க்கிறார்களே என்று எழுதியவருக்கு: ஆமாம், எல் சிஸ்தெமா என்ற அந்தத் திட்டம் 1975இலிருந்து நடக்கிறது. அதுவும் பள்ளி விட்ட பின் நடக்கிற இசை வகுப்புதான்.

2 ஆகஸ்ட்

விளையாட்டில் இந்தச் சிக்கல் இல்லையே, வேலூர் சத்துவாச்சாரியைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பார்க்கிறேன். அந்த ஊர்ச் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் பளுதூக்கலில் 77 கிலோ பிரிவில் காமன்வெல்த் தங்கம் வாங்கியவர். அவர் தந்தையும் பளுதூக்கியவர். எங்கள் மாவட்டத்தில் பளுதூக்குவது சும்மா வந்த பழக்கம் இல்லை, தெருவுக்குத் தெரு அதற்கு அண்ணன்மார் இருக்கிறார்கள். சதீஷுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது, அந்த வேலை அவரைத் தாங்கியது, அவர் கம்பியைத் தூக்கினார்.

முகாம் பையன் ஒருவன் இதே மாதிரி தூக்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அளவில் தூக்கலாம், மாவட்டம் வரை போகலாம். அதற்கு மேல் ஒவ்வொரு படியிலும் ஒரு காகிதம் கேட்பார்கள். இந்தியாவுக்காகத் தூக்க இந்திய பாஸ்போர்ட் வேண்டும். 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை பெறப் பிறப்பே போதும். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும், 2004 டிசம்பருக்குப் பின் சட்டம் இன்னும் இறுகியது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய் 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு வாங்கினார், 2024இல் வாக்கும் போட்டார். என் வகுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் அந்த 1987 தேதிக்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவர்கள்.

இன்னொன்று கணக்கெடுப்பு நாள். மாதம் தோறும் அதிகாரிகள் வந்து தலை எண்ணுவார்கள், அன்று ஆள் இருக்கவேண்டும், அரசு மாதம் தரும் பணக்கொடை அதோடு சேர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவருக்கு 1,000, பிள்ளைக்கு 500 என்று 2021இல் உயர்த்தினார்கள். வெளியூர்ப் போட்டி அந்த நாளில் விழுந்தால் அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திறமை மட்டும் இருந்தால் போதும் என்கிறவர்கள் இந்த வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

3 ஆகஸ்ட்

காகிதம் இல்லாததால் பள்ளியில் சேர்க்கமாட்டார்களா என்று கேட்ட தங்கைக்கு: அப்படி இல்லை. வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. முகாம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள், சீருடை, புத்தகம், மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. மாலை வகுப்புகளை ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற தொண்டு நிறுவனம் 1984இல் தொடங்கிய நாளிலிருந்து பல முகாம்களில் நடத்திவந்திருக்கிறது. 1991க்குப் பின் சில வருடம் முகாம் பிள்ளைகளுக்கான கல்லூரி இடங்கள் நிறுத்தப்பட்டு 1996இல் திரும்பக் கிடைத்தன. அந்த இடைவெளியில் பள்ளி முடித்தவர்கள்தான் இன்றைய அப்பாக்கள். "படிச்சு என்ன கண்டம்" என்று அவர்கள் சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை.

9 ஆகஸ்ட்

நேற்று மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு இனி இல்லை. மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்ற பயத்திலேயே நின்றவர்களை எனக்குத் தெரியும். ஒரு வேலி குறைந்தது, சந்தோஷம்.

கலைத் திருவிழா பற்றியும் சொல்லவேண்டும். 2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கிறது. பறை, கரகம், களிமண் சிற்பம், வில்லுப்பாட்டு எல்லாம் போட்டியாக வந்தபின் எங்கள் பள்ளியில் கடைசி பெஞ்சின் மரியாதையே மாறியது. கணக்கு வாத்தியார் ஒரு பையனை "நம்ம பறைக்காரன்" என்று தோளில் கைபோட்டுக் கூட்டிவந்ததை நான் பார்த்தேன். பள்ளிக்குள்ளேயே திறமைக்கு ஒரு நாற்காலி போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அதுதான் உதாரணம். ஆனால் அந்தத் திறமையை வளர்க்கவேண்டியவர்கள் யார்? 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரைப் பகுதிநேரமாக எடுத்தார்கள், 5,000 ரூபாய்ச் சம்பளம், வாரத்துக்கு மூன்று அரைநாள். 2025இல் சம்பளம் 12,500, நாட்கள் அதே. வருடத்தில் ஒரு விழா போதாது. வாரத்தில் ஐந்து நாளும் பிள்ளை கூடவே ஓர் ஆள் வேண்டும்.

10 ஆகஸ்ட்

நேற்று எழுதியபின் தூக்கம் வரவில்லை, பெண் பிள்ளைகளை விட்டுவிட்டேனே என்று. "திறமையை வளர்ப்போம்" என்று நாம் பேசும்போது மனதில் வருவது பெரும்பாலும் பையன்தான். வகுப்பில் நன்றாக ஆடுகிற பெண் பிள்ளை பெரியவளானதும் மேடைக்கு வருவதில்லை. "ஊர் என்ன சொல்லும் மாஸ்டர்" என்பார் அம்மா. இன்னொரு நாட்டில் பெயர் கெடாமல் வாழவேண்டிய குடும்பத்தின் பயம் அது, எளிதாகத் திட்டிவிடமுடியாது. ஆனால் அதே அம்மா பரீட்சைக்கு அனுப்பமாட்டேன் என்று சொன்னதில்லை. பெண்ணுக்கு வெளியே போக இருக்கிற ஒரே சாலை பள்ளிச் சாலை. அதையும் திறமையின் பெயரால் நாம் அடைக்கவேண்டாம்.

24 ஆகஸ்ட்

இன்று மனசு நிறைந்த நாள், விவாதம் வேண்டாம். முகாமில் மன்னார்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இளவயதில் நாட்டுக்கூத்தில் ராஜா வேடம் கட்டியவர். நான் ஆற்காட்டுப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்துப் போயிருந்தேன். வாத்தியார் கூத்தைத் தொடங்கிவைக்கிற கட்டியங்காரன் வரவைப் பாடிக் காட்ட, பெரியவர் தன் ஊர்க் கூத்துப் பாட்டான தருவைப் பாடினார். இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளைகள் அடவு மாற்றி அடவு போட்டுக் குழம்பி, விழுந்து சிரித்தார்கள். "எங்கட ஆட்டம் வேற, இவையின்ட ஆட்டம் வேற. பிள்ளையள் ரெண்டையும் பழகட்டும் மாஸ்டர்" என்றார் பெரியவர். முப்பது வருடமாக அவர் பாடியதில்லை என்று அவர் மகள் சொன்னார்.

முகாமில் சொல்லிக்கொடுக்கக்கூடியவர் எப்போதும் வெளியிலிருந்து வருகிறவர் என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உள்ளே எத்தனை ஆசிரியர்கள் தறப்பாள் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

25 ஆகஸ்ட்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "இதைத்தானே நான் முதலில் கேட்டேன்" என்கிறார் குடியாத்தத்துக்காரர். இல்லை ஐயா. அந்தப் பிள்ளைகள் இன்று காலை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். ஆனாலும் உங்கள் பக்கம் நான் ஓர் அடி வருகிறேன். கூத்து ஆடிய அடுத்த வாரம் வருகைப் பதிவேடு நன்றாக இருக்கிறது. பள்ளியில் வாயே திறக்காத ஒரு சிறுமி கட்டியங்காரனாகப் பேசப் பழகியபின் வகுப்பில் கேள்வி கேட்கிறாள். திறமை வகுப்பு படிப்புக்குப் போட்டி என்று நினைக்கிற தலைமையாசிரியர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்லுவேன்.

5 செப்டம்பர்

இந்த வாரம் ஒரு செய்தி. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமல் தங்கியிருப்பதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்கு கொடுத்திருக்கிறது. முகாமில் இனிப்புக் கொடுத்தார்கள். இது குடியுரிமை இல்லை, தெரியும். ஆனால் 'சட்டவிரோதம்' என்ற முத்திரையின் பயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஒரு பிளஸ் டூ பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "இனி பாஸ்போர்ட் கிடைக்குமா சார்?" உடனே கிடைக்காது என்றேன். "சரி, அதுக்குள்ள டிகிரி முடிச்சிடறேன்" என்றாள்.

21 செப்டம்பர்

போளூர்ப் பக்கத்து நண்பர் எழுதியதற்கு இத்தனை நாள் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், எழுத வரவில்லை. அவர் கேட்டது: "மோதல் என்றால் கடலுக்கு அப்பால்தானா? எங்கள் சவ்வாது மலையை மறந்துவிட்டீர்களா?" 2015 ஏப்ரல் 7, சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் செத்தவர்கள் 20 பேர். செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். பெரும்பாலோர் பழைய வட ஆற்காட்டின் மலையடிவாரத்து, மலைமேல் ஊர்க்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் அன்று ஒன்றாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. இன்று அப்பா வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

மரம் ஏறுவது, காடு தெரிவது, கோடாரி பிடிப்பது. அந்தப் பையன்களின் திறமையை முதலில் அடையாளம் கண்டது கடத்தல் தரகன்தான். நல்ல கூலி கொடுத்துக் கூட்டிப் போனான். திறமையைக் கண்டுபிடிப்பது நல்லவர்கள் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தால் இதைப் படியுங்கள். அதே மலையிலிருந்துதான் ஒரு பழங்குடிப் பெண் படித்து 2024இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் தேறினார். பரீட்சை எழுதித்தான்.

22 செப்டம்பர்

யாருக்குத் திறமை இருக்கிறது என்று யார் சொல்வது? மேடையில் காட்டக்கூடியதை மட்டும் திறமை என்கிறோம். என் வகுப்பில் ஒருவனுக்குப் படம் வராது, பாட்டு வராது. பழுதான மிக்ஸியைக் கொடுத்தால் பிரித்துக் கோர்த்து ஓடவிடுவான். இன்னொரு பெண் மாலை வகுப்பின் நோட்டு, பென்சில், சுண்டல் கணக்கு முழுவதையும் கவனிக்கிறாள், ஒரு ரூபாய் பிசகாது. "உனக்கு என்ன திறமை" என்று கேட்டால் "ஒண்ணும் இல்ல சார்" என்கிறார்கள். திறமை அடிப்படையில் பிள்ளைகளைப் பிரிக்கிற திட்டம் வந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது இவர்கள்தான்.

12 அக்டோபர்

நின்றுவிட்ட பையன்களுக்கு என்ன பதில் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பதினேழு வயதில், நாள் கூலி பார்த்துவிட்டவனை மறுபடி ஒன்பதாம் வகுப்பு பெஞ்சில் உட்காரவைக்க முடியாது. அவனுக்கு மாற்று வழி வேண்டும்தான். எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்பே பதிவு செய்யவேண்டும், பலர் தவறவிடுவது அங்கேதான். ஓவியத்தில் கை உள்ளவன் கூடவே அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் எழுதலாம். அது அரசாங்கம் கொடுக்கிற சான்றிதழ், நாளை ஓவிய ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கட்டு. பாட்டு, தவில், நாதசுரம் என்றால் திருவண்ணாமலையில் அரசு இசைப் பள்ளி இருக்கிறது.

ஞாயிறு மட்டும் உட்காருகிறோம். பெயிண்ட் கறை போகாத விரலோடு வருகிறார்கள். அறைக்கு எத்தனை லிட்டர் பெயிண்ட் பிடிக்கும் என்று மனதிலேயே சொல்கிறவனுக்குப் பரப்பளவுக் கணக்கு வராது என்று எப்படி முடிவு கட்டினார்கள்? நீளம், உயரம், கதவு ஜன்னல் கழித்து, இரண்டு கோட்டு. அதைத் தாளில் எழுதவைத்தால் அதுவே பாடம்.

கோட்டைச் சுவர் வரைந்தவனும் போன வாரம் வந்தான். படம் போட வரவில்லை, கணக்குக்கு.

2 நவம்பர்

உதவ முன்வந்தவர்களுக்கு மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். வண்ணப் பென்சிலும் சார்ட்டும் போதுமான அளவு இருக்கிறது. ஓவியம் சொல்லித்தர நான் இருக்கிறேன், கூத்துக்குப் பெரியவர் இருக்கிறார். எங்களுக்கு இல்லாதது கணக்கும் ஆங்கிலமும் நடத்த ஆள். சத்துவாச்சாரி, காட்பாடி, பாகாயம் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் ஒதுக்கமுடிந்தால் நல்லது. தேர்வு முடிகிறவரை தொடர்ந்து வரவேண்டும், நடுவில் நிற்கிற ஆள் வேண்டாம்.

வெளியாட்கள் முகாமுக்குள் வகுப்பு எடுக்க அதிகாரிகளின் அனுமதி வேண்டும். 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மஹால் சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிய ஊர் இது, கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். ஆதார் நகல், இரண்டு புகைப்படம், எந்தப் பாடம், எந்த நேரம் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்புங்கள். சேர்த்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். டிசம்பருக்குள் ஆள் கிடைத்தால் திரிகோணமிதி வரை முடித்துவிடலாம்.